ரத்தத்தில் கிருமி: பச்சிளங்குழந்தைகள் பற்றி வாசகர் கேள்வி பதில்

பிறந்த 28 நாளுக்குள் வரும் ரத்தத் தொற்று பற்றியும் (மருத்துவர்கள் ‘செப்சிஸ்’ என்பார்கள்), ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பற்றியும் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். மதுரையிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்குப் பச்சிளங்குழந்தை மருத்துவர் ஒருவரும் நுண்ணுயிரியல் மருத்துவர் ஒருவரும் சேர்ந்து பதில் தந்திருக்கிறார்கள்.

என் பேரன் பிறந்த 9-ஆம் நாள் பால் குடிப்பதைக் குறைத்தான், தூங்கிக்கொண்டே இருந்தான். ‘பச்சப்புள்ள தூங்கத்தான் செய்யும்’ என்று ஒரு நாள் விட்டுவிட்டோம். மறுநாள் ஆஸ்பத்திரியில் ‘ரத்தத்தில் கிருமி’ என்றார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். ஆனால் அவனுக்குக் காய்ச்சலே இல்லையே? நாங்கள் எதைப் பார்த்திருக்க வேண்டும்?
– வாசகி, உசிலம்பட்டி

பெரியவர்களுக்கு உடம்பில் கிருமி புகுந்தால் காய்ச்சல் அடிக்கும். பச்சைப் பிள்ளையின் உடம்புக்கு அந்தச் சக்தி இன்னும் வந்திருக்காது. சில பிள்ளைகளுக்கு உடம்பு சுடும். பல பிள்ளைகளுக்கு, முக்கியமாகக் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு, உடம்பு சில்லிட்டுப் போகும். அதனால் காய்ச்சலுக்காகக் காத்திருக்கக் கூடாது.

முதலில் தெரிவது பெரும்பாலும் பாலில்தான். நேற்றுவரை முட்டி முட்டிக் குடித்த பிள்ளை, இன்று காம்பை வாயில் வைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். பாலுக்கு அழாது. உள்ளங்காலைச் சுண்டினால் முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்ளும். பச்சைப் பிள்ளை நிறையத் தூங்கும் என்பது சரிதான். ஆனால் அது இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பசித்து எழ வேண்டும். எழாத தூக்கம், எழுப்பினாலும் குடிக்காத தூக்கம், நோய்.

சந்தேகம் வந்தால் வீட்டிலேயே மூன்று காரியம் செய்யலாம்.

சட்டையை விலக்கி, பிள்ளை அழாமல் இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். முழுசாக 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகிவிடும், ஏனென்றால் பச்சைப் பிள்ளை நாலு மூச்சு வேகமாக விட்டு, சில விநாடி நிறுத்தி, மறுபடி தொடங்கும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். மறுபடியும் 60-ஐத் தொட்டால் கிளம்புங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தால் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டாம்.

அடுத்தது சூடு. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியை அக்குளின் ஆழத்தில் வைத்து, கையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, ‘பீப்’ சத்தம் வரும்வரை விடாதீர்கள். 97.7-க்கும் 99.5-க்கும் இடையே இருந்தால் சரி. 99.5-ஐத் தொட்டாலோ 95.9-க்குக் கீழே போனாலோ ஆபத்து. தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். வயிறு வெதுவெதுப்பாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் பிள்ளைக்குக் குளிர்கிறது. தாயின் மார்போடு தோல் படப் போட்டுப் போர்த்துங்கள். வயிறும் சில்லென்று இருந்தால் அப்படியே போர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மூன்றாவது, வெளிச்சத்தில் ஒரு பார்வை. தொப்புளைச் சுற்றியுள்ள தோல் சிவந்திருக்கிறதா, சீழ் வருகிறதா, உடம்பில் சீழ்க்கொப்புளங்கள் இருக்கின்றனவா, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகிவிட்டனவா, கை கால் வெட்டி இழுக்கிறதா, தூண்டினால் மட்டும்தான் அசைகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே கிளம்ப வேண்டும்.

வண்டியில் போகும்போது பிள்ளை தாயின் மார்போடு ஒட்டி இருக்கட்டும். தலைக்குத் தொப்பி போடுங்கள். வெந்நீர்ப் பாட்டில் வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். சப்ப முடிந்தால் பால் கொடுக்கலாம். சப்ப முடியாத பிள்ளைக்குச் சங்கில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். 108-ல் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே தனி வண்டிகள் உண்டு. கூப்பிடும்போதே ‘பிறந்து இத்தனை நாள்’ என்று சொல்லுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசியைப் போட்டு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பினால், எந்த மருந்து, எத்தனை மணிக்குப் போட்டது என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே ரத்தப் பரிசோதனை முடிவைப் படிப்பவருக்கு அந்த ஒரு வரி மிகவும் தேவை.

32 வாரத்தில் பிறந்த என் மகள் தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் இருக்கும்போது 6-ஆம் நாள் ‘கிளெப்சியெல்லா’ என்று ரிப்போர்ட் வந்தது. மருந்துப் பட்டியலில் வரிசையாக ‘ஆர்’, இரண்டில் மட்டும் ‘எஸ்’. பிறந்து ஆறே நாளான பிள்ளை அதுவரை எத்தனை மருந்து சாப்பிட்டிருக்கும்? அதன் உடம்பில் எப்படி மருந்துக்கு அடங்காத கிருமி வந்தது? இந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?
– வாசகர், திருமங்கலம்

எதிர்ப்புச் சக்தியைப் பெற்றது உங்கள் பிள்ளையின் உடம்பு இல்லை, அந்தக் கிருமி. வெளியில் எங்கோ அதைப் பழகிக்கொண்டு, பழகிய பின்னால்தான் பிள்ளையிடம் வந்தது. ஒரு கிருமி தன்னிடமுள்ள எதிர்ப்பு மரபணுவைச் சிறு வளையமாகப் பக்கத்துக் கிருமிக்குக் கைமாற்றிக் கொடுத்துவிடும். வேறு இனக் கிருமிக்கும் கொடுக்கும். அப்படி ஒரு வளையத்திலேயே நாலைந்து மருந்துகளை வெல்லும் வித்தைகள் சேர்ந்திருப்பதும் உண்டு.

பிள்ளைக்கு வந்த வழிகள் மூன்று. பிரசவத்தில் தாயின் குடலிலிருந்து வந்திருக்கலாம். பிறந்த இடத்தில் தொட்ட கைகளிலிருந்து வந்திருக்கலாம். அல்லது ஐ.சி.யூ.வின் ஈரமான பொருட்களிலிருந்து: குழாயடித் தொட்டி, ஆக்சிஜன் பாட்டில் தண்ணீர், பலருக்குப் பொதுவாகத் திறந்து வைத்த மருந்துக் குப்பி. கிளெப்சியெல்லாவுக்கு ஈரம் பிடிக்கும். குறைமாதப் பிள்ளையின் தோல் மெல்லிசு. ட்ரிப்ஸ் குழாய், மூக்குக் குழாய் என்று உள்ளே போக வாசல்களும் திறந்திருக்கின்றன.

பணக்கார நாடுகளில் பிறந்த முதல் மூன்று நாளில் வரும் தொற்றுக்குப் பெரும்பாலும் தாயிடமிருந்து வரும் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸும் ஈ.கோலையும் காரணம். நம் நாட்டில் படம் வேறு. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை 13,530 பிள்ளைகளைக் கவனித்த ‘டெனிஸ்’ ஆய்வில், மூன்றில் இரண்டு பங்கு தொற்று பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளேயே வந்திருந்தது. அப்போதே அசினிடோபாக்டர், கிளெப்சியெல்லா போன்ற ஆஸ்பத்திரிக் கிருமிகள்தான் முன்னணியில் இருந்தன. அசினிடோபாக்டரில் 100-க்கு 82-ம், கிளெப்சியெல்லாவில் 54-ம் பல மருந்துகளுக்கு அடங்காதவை. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் நடந்த ‘பார்னார்ட்ஸ்’ ஆய்வில், சோதித்த கிராம் நெகட்டிவ் கிருமிகளில் (கிளெப்சியெல்லா, ஈ.கோலை, அசினிடோபாக்டர் எல்லாம் இந்த வகைதான்) 100-க்கு 97 ஆம்பிசிலினுக்கும் 70 ஜென்டாமைசினுக்கும் அடங்கவில்லை. இந்த இரண்டும் சேர்ந்த ஊசிதான் உலக சுகாதார நிறுவனம் பச்சைப் பிள்ளைகளுக்கு முதலில் போடச் சொல்லும் மருந்து என்பதை நினைத்தால் நிலைமை புரியும்.

இனி ரிப்போர்ட். ‘எஸ்’ என்றால் வழக்கமான அளவில் அந்த மருந்து கிருமியை அடக்கும். ‘ஆர்’ என்றால் அடக்காது. ‘ஐ’ என்றால் அளவைக் கூட்டினால் அல்லது மருந்து நன்றாகச் சேரும் இடத்தில் தொற்று இருந்தால் பலிக்கலாம். பக்கத்தில் ‘எம்.ஐ.சி.’ என்று ஓர் எண் இருக்கும். கிருமியை வளரவிடாமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு அது. ‘எண் சின்னதாக இருக்கும் மருந்துதான் நல்ல மருந்து’ என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. ஒவ்வொரு மருந்துக்கும் எல்லைக்கோடு வேறு. மெரோபெனமுக்கு இந்த வகைக் கிருமியில் 1 வரை ‘எஸ்’, 4-ஐத் தொட்டால் ‘ஆர்’. அமிகாசினுக்கு அந்தக் கோடே வேறிடத்தில். ஒரு மருந்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

கோலிஸ்டின் என்ற பெயருக்கு எதிரே ‘எஸ்’ இருந்தால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று ஒதுக்கி வைத்த பழைய மருந்து அது; வேறு வழியில்லாமல் திரும்பி வந்திருக்கிறது. பல ஆய்வகங்கள் பின்பற்றும் அமெரிக்க விதிமுறை 2020-லேயே இந்த மருந்துக்கு ‘எஸ்’ என்ற பிரிவையே எடுத்துவிட்டது. தட்டில் கிருமியை வளர்த்து மருந்து வில்லை வைத்துப் பார்க்கும் சோதனையும் இந்த மருந்துக்குச் செல்லாது.

இன்னொன்று: கிளெப்சியெல்லாவுக்குப் பதிலாக ‘கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டெஃபிலோகாக்கஸ்’ என்று வந்திருந்தால், அது ஊசி குத்திய இடத்துத் தோலிலிருந்து ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். பிள்ளை எப்படி இருக்கிறது, இரண்டாவது முறை எடுத்த ரத்தத்திலும் வந்ததா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். கிளெப்சியெல்லாவை அப்படி ஒதுக்க முடியாது.

மேலூர் அருகே ஓர் ஆஸ்பத்திரியில் என் தம்பி மகனுக்கு ஆன்டிபயாடிக் ஊசி ஆரம்பித்து இரண்டே நாளில் நிறுத்திவிட்டார்கள். ‘ஆரம்பித்தால் முழு கோர்ஸும் முடிக்க வேண்டும்’ என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? காசு இல்லை என்று நினைத்து நிறுத்திவிட்டார்களோ என்று வீட்டில் சண்டை.
– வாசகர், மேலூர்

சண்டையை விடுங்கள். அந்த மருத்துவர் செய்ததுதான் நல்ல வைத்தியம். நம் ஊரில் இப்படி நிறுத்தும் துணிச்சல் இன்னும் நிறையப் பேருக்கு வர வேண்டும்.

பச்சைப் பிள்ளைக்கு மூச்சு வேகமானால் அது தொற்றாக இருக்கலாம். நுரையீரலில் நீர் வடியாததால் வந்து, இரண்டு மூன்று நாளில் தானே சரியாகிவிடும் தொந்தரவாகவும் இருக்கலாம். முதல் மணி நேரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. அதனால் ரத்தத்தை எடுத்து கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) அனுப்பிவிட்டு உடனே ஊசியை ஆரம்பிப்பார்கள். இயந்திரத்தில் வைக்கும் கல்ச்சர் பாட்டிலில், உண்மையான தொற்றாக இருந்தால் பெரும்பாலும் 36 மணி நேரத்துக்குள் மணி அடித்துவிடும். 48 மணி நேரமாகியும் ஒன்றும் வளரவில்லை, ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுத்த சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் ரத்தப் பரிசோதனை) ஏறவில்லை, பிள்ளையும் நன்றாகப் பால் குடிக்கிறது என்றால் நோயே இல்லை என்றுதான் பொருள். இல்லாத நோய்க்கு என்ன கோர்ஸ்?

நோய் உறுதியானால் கணக்கு வேறு. ரத்தத்தில் கிருமி வளர்ந்திருந்தால் வழக்கமாக 10 முதல் 14 நாள். மூளைக்காய்ச்சலும் சேர்ந்து, கிருமி கிராம் நெகட்டிவாக இருந்தால் 21 நாள். அங்கே இடையில் நிறுத்தக் கூடாது. ‘முழுசாக முடிக்க வேண்டும்’ என்ற பேச்சு அந்த இடத்துக்கு உரியது.

தேவையில்லாமல் நீட்டினால் என்ன ஆகும்? தாய்ப்பாலால் குடலில் குடியேற வேண்டிய நல்ல நுண்ணுயிர்கள் செத்து, அந்தக் காலி இடத்தில் மருந்துக்கு அடங்காதவை உட்கார்ந்துகொள்ளும். குறைமாதப் பிள்ளைகளுக்குக் குடல் அழுகும் நோயும் பூஞ்சைத் தொற்றும் வர வாய்ப்பு கூடும். எந்த மருந்து என்பதும் முக்கியம். நெதர்லாந்தில் இரண்டு பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் ஒன்றில் பென்சிலின், டோப்ராமைசின் சேர்த்தும், இன்னொன்றில் அமாக்சிசிலின், செஃபோடாக்சிம் சேர்த்தும் கொடுத்து, ஆறு மாதம் கழித்து மாற்றிப் பார்த்தார்கள். 2000-இல் வெளியான அந்த முடிவின்படி, செஃபோடாக்சிம் கொடுத்த பிரிவில், கொடுக்கும் மருந்துக்கே அடங்காத கிருமிகள் 18 மடங்கு கூடுதலாகப் பிள்ளைகளிடம் குடியேறியிருந்தன. ‘பெரிய ஊசி போட்டால் நிம்மதி’ என்று கேட்டு வாங்கும் பெற்றோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்களைப் போன்ற உறவினர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘ஊசி போடும் முன்னால் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தீர்களா?’ குறைந்தது 1 மில்லி ரத்தம் வேண்டும். நாலு சொட்டு அனுப்பினால் கிருமி இருந்தும் ‘ஒன்றுமில்லை’ என்று வரலாம். ஊசி போட்ட பிறகு எடுத்தாலும் அப்படித்தான். அப்போது நிறுத்தவும் தைரியம் வராது, தொடரவும் ஆதாரம் இருக்காது. அந்தக் குழப்பத்தில்தான் பிள்ளைக்குப் பத்து நாள் மருந்து ஓடுகிறது.

மூத்தவனுக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மீதி இருக்கிறது. 20 நாள் பிள்ளைக்குச் சளி. கொஞ்சமாகக் கொடுக்கலாமா?
– வாசகி, பேரையூர்

கூடாது. சளிக்கு ஆன்டிபயாடிக் எந்த வயதிலும் வேலை செய்யாது. தண்ணீர் கலந்த சிரப் பெரும்பாலும் ஒரு வாரத்தில் வீரியம் இழந்துவிடும். உண்மையில் தொற்றாக இருந்தால் அரைகுறை மருந்து அடையாளங்களை மறைத்து, கல்ச்சரையும் கெடுக்கும். மருந்துக் கடையில் சொல்லிக் கேட்டும் வாங்காதீர்கள். அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்து மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். மேலே சொன்ன அடையாளங்களில் ஒன்று இருந்தால் சளி என்று எண்ணிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

சேனை தொட்டு வைப்பது, கழுதைப் பால், உரை மருந்து, தொப்புளுக்கு மஞ்சள்... என் மாமியார் எல்லாவற்றையும் செய்யச் சொல்கிறார். மறுத்தால் ‘நாங்கள் வளர்க்கவில்லையா’ என்கிறார். எது சரி, எது தவறு?
– வாசகி, வாடிப்பட்டி

அவர் பிள்ளை மேல் உள்ள ஆசையில்தான் சொல்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஆனால் முதல் ஆறு மாதம் வாய்க்குள் தாய்ப்பாலும் மருத்துவர் எழுதிய மருந்தும் தவிர எதுவும் போகக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர் தொடும் விரல், தேன், வீதியில் கறந்து சங்கில் ஊற்றும் காய்ச்சாத கழுதைப் பால், ஒரே கல்லில் நாள்தோறும் உரைத்த வசம்பும் ஜாதிக்காயும், இவை எல்லாமே கிருமிக்கு வழி. தேனில் வேறோர் ஆபத்தும் உண்டு: அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளரவைக்கும் நஞ்சை உண்டாக்கும். சேனை வைத்தே ஆக வேண்டும் என்றால், வீட்டுப் பெரியவர் கையை சோப்பு போட்டுக் கழுவி, தாயின் சீம்பாலிலேயே ஒரு சொட்டைத் தொட்டு வைக்கட்டும். சடங்கும் நடக்கும், பிள்ளைக்கு நல்லதும் கிடைக்கும்.

தொப்புளுக்கு ஒன்றும் வேண்டாம். மஞ்சள், சாம்பல், எண்ணெய், பவுடர் எதுவும் போடாமல் காற்றாட விட்டால் ஒன்று இரண்டு வாரத்தில் தானே விழும். துணியை அதற்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். தொப்புளில் கண்டதையும் வைத்து ரணஜன்னி வந்து பிள்ளைகள் இறந்த காலம் ஒன்று இருந்தது. கர்ப்பிணிக்குத் தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் பரவிய பிறகுதான் 2015-இல் இந்தியா அந்த நோயை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது.

பிறந்த சில நாளில் பிள்ளையின் மார்பு வீங்கிப் பால் போலக் கசியும். ஆண் பிள்ளைக்கும் வரும். தாயின் ஹார்மோனால் வருவது, தானே வற்றிவிடும். அதைப் பிதுக்கி ‘பால் எடுப்பது’ தவறு. சீழ்க்கட்டி வந்து அறுவை சிகிச்சை வரை போகும். தொக்கம் எடுக்கிறேன் என்று வாயில் ஊதுவதையும், தொண்டைக்குள் விரல் விடுவதையும் எந்த விதத்திலும் அனுமதிக்காதீர்கள்.

சோழவந்தான் பக்கம் ஆறு படுக்கை நர்ஸிங் ஹோமில் செவிலியராக இருக்கிறேன். பெரிய வசதி இல்லை. குறைந்த செலவில் தொற்றைக் குறைக்க எதில் தொடங்குவது?
– வாசகி

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. எங்கள் அனுபவத்தில் விலை உயர்ந்த கருவியைவிட இந்தக் கேள்வி அதிகம் பிள்ளைகளைக் காப்பாற்றும்.

கையில் தொடங்குங்கள். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. ஆல்கஹால் தேய்ப்பு என்றால் 20 முதல் 30 விநாடி. வளையல், மோதிரம், மணிக்கட்டில் கட்டிய கயிறு மூன்றும் வேலைக்கு முன்னால் கழற்றப்பட வேண்டும். கயிறு கழுவிய பிறகும் ஈரமாகவே இருக்கும். அதிலேயே கிருமி நாள் முழுக்க இருக்கும். பெரும்பாலும் விட்டுப்போகும் இடங்கள் கட்டை விரலும் விரல் நுனிகளும். பிள்ளையைத் தொடுவது என்னவோ அவைதான்.

ஹேண்ட் ரப்பை நீங்களே தயாரிக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 லிட்டருக்கு: 99.8 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் 7,515 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, 98 சதவீத கிளிசரின் 145 மில்லி. மீதிக்குக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். பெராக்சைடு கைக்காக இல்லை. பாட்டிலில் இருக்கும் கிருமி வித்துகளைக் கொல்ல. அதனால் கலந்து மூடி 72 மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். கிளிசரினைக் கூட்டாதீர்கள், கை பிசுபிசுக்கும், பிறகு யாரும் தேய்க்க மாட்டார்கள். வாசனை சேர்க்க வேண்டாம். பாதி காலியான பாட்டிலில் மேலே ஊற்றாமல், கழுவிக் காயவைத்துப் புதிதாக நிரப்புங்கள். நெருப்புப் பிடிக்கும் பொருள். அடுப்பு, ஸ்டெரிலைசர் பக்கம் வைக்காதீர்கள். பாட்டில் ஒவ்வொரு கட்டிலிலும் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்க வேண்டும். வார்டு மூலையில் ஒன்று வைத்தால் அந்த மூலைக்கு அவசரத்தில் யாரும் நடக்க மாட்டார்கள்.

அடுத்தது மருந்துக் குப்பி. 100 மில்லிகிராம், 2 மில்லி அமிகாசின் குப்பியை எடுங்கள். 1 கிலோ பிள்ளைக்கு 15 மில்லிகிராம் என்றால் 0.3 மில்லிதான் வேண்டும். மீதி 1.7 மில்லியைக் கொட்ட யாருக்கும் மனம் வராது. அதனால் ரப்பர் மூடியில் ஓர் ஊசியைக் குத்தி அப்படியே விட்டுவிட்டு, அடுத்த பிள்ளைக்கும் அதற்கடுத்த பிள்ளைக்கும் எடுக்கிறார்கள். குழாயைக் கழுவும் உப்புநீர்ப் பாட்டிலுக்கும் இதே கதி. வார்டில் ஒரு வாரத்தில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கிருமி வந்தால், முதலில் தேட வேண்டிய இடம் அந்த ஊசி நிற்கும் மூடிதான். காசை மிச்சம் பிடிக்க வேறு வழி உண்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் மருந்து போடும்படி நேரத்தை அமையுங்கள். குழாயடியிலிருந்து ஒரு மீட்டருக்கு அப்பால் உலர்ந்த மேசையில், மூடியை ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, தனித்தனி சிரிஞ்சில் இழுத்து, பெயர் ஒட்டி, மீதியைக் கொட்டிவிடுங்கள். உப்புநீருக்கு 10 மில்லி ஆம்பூல் வாங்குங்கள்.

ஆக்சிஜன் ஹியுமிடிஃபயர் (ஆக்சிஜனை ஈரப்படுத்தும் பாட்டில்) தண்ணீரை ஒவ்வொரு நாளும் முழுசாகக் கொட்டி, கழுவி, உலர்த்தி, ஸ்டெரைல் தண்ணீர் ஊற்றுங்கள். குறைந்ததும் மேலே ஊற்றுவது கிருமிக்குச் சோறு போடுவது. ஆம்பூ பேகையும் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) மாஸ்க்கையும் பிரித்து சோப்பில் கழுவி, பிறகு 2 சதவீத குளூட்டரால்டிஹைடில் 20 முதல் 30 நிமிடம் முழுக வைத்து, ஸ்டெரைல் தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். கழுவாமல் முக்கினால் காய்ந்த சளிக்குள் மருந்து போகாது. வழக்கமாக விட்டுப்போவது அந்தக் கழுவும் படிதான்.

ஒரு நோட்டு வையுங்கள். தேதி, பிள்ளையின் எடை, கல்ச்சரில் வந்த கிருமி, எந்த மருந்துக்கு அடங்கியது. ஒரே கிருமி இரண்டாவது முறை வந்த அன்றே பொதுவான பொருள் எது என்று தேடலாம். ஓராண்டு நோட்டு இருந்தால் உங்கள் மருத்துவருக்கு முதல் ஊசி எதுவென்று முடிவெடுக்கவும் அது உதவும்.

குழந்தை ஐ.சி.யூ.வில். தாயை உள்ளே விட்டால் கிருமி வருமே என்று அனுப்பிவிடுகிறார்கள். சரிதானா?
– வாசகர், அலங்காநல்லூர்

சரியில்லை. கை கழுவிய தாயின் தோலில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆஸ்பத்திரிக் கிருமிகளைவிட எவ்வளவோ மேல். 2021-இல் வெளியான ஐந்து நாட்டு ஆய்வில், இந்தியாவும் அதில் ஒன்று, 1 கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள பிள்ளைகளை நிலைப்படும்வரை காத்திராமல் பிறந்ததுமே தாயின் மார்போடு கங்காரு முறையில் வைத்தபோது, 28 நாளுக்குள் இறப்பது 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. ரத்தத் தொற்றும் குறைந்தது. தாயால் முடியாதபோது அப்பாவும் பாட்டியும் கூடச் செய்யலாம். ‘கங்காரு முறையில் வைக்கலாமா, எப்போதிலிருந்து?’ என்று பணிவாக ஒவ்வொரு நாளும் கேளுங்கள். பிதுக்கிய பாலையாவது கொடுத்தனுப்புங்கள்.

புது மருந்து ஏதும் வரப்போகிறதா?
– வாசகர், மதுரை

பச்சைப் பிள்ளைகளுக்கென்று மருந்து சோதிப்பவர்கள் குறைவு. பெரியவர்களுக்கு வந்த மருந்தின் அளவைப் பல ஆண்டு கழித்துத்தான் பிள்ளைக்குக் கண்டுபிடிக்கிறார்கள். அதனால் ஆளுக்கொரு வைத்தியம் நடக்கிறது. 2018 முதல் 2020 வரை 11 நாடுகளில் 3,200-க்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கவனித்த ‘நியோஆப்ஸ்’ ஆய்வில், 200-க்கு மேற்பட்ட விதங்களில் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள்.

அதன் தொடர்ச்சியாக ‘நியோசெப்1’ என்ற சோதனை தொடங்கியிருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், ஃபாஸ்ஃபோமைசின், ஃப்ளோமாக்செஃப், அமிகாசின் என்ற பழைய மருந்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, இப்போது பயன்படுத்தும் மருந்துகளோடு ஒப்பிடுகிறார்கள். மெரோபெனமையும் கோலிஸ்டினையும் கடைசிக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி. 3,000 பிள்ளைகள் வரை சேர்ப்பது திட்டம். முடிவு வரும்வரை, ஒரு மருத்துவமனையின் முதல் ஊசி எது என்பதை அந்த மருத்துவமனையின் சொந்தக் கல்ச்சர் கணக்கை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்; பக்கத்து ஆஸ்பத்திரியின் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.